உங்கள் ஓட்டு கோட்டைக்குப் போகும் வழி: முதல்முறை வாக்காளருக்கு நாடாளுமன்ற ஆட்சிமுறை

தேர்தல் வந்துவிட்டால் சுவரெங்கும் முதலமைச்சர் வேட்பாளரின் முகம்தான். வாக்குச்சாவடிக்குள் போய் இயந்திரத்தில் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள். தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் ஒன்றில் இருக்கும், மிஞ்சிப்போனால் இரண்டில். மற்ற தொகுதிக்காரர்கள் யாரும் முதலமைச்சருக்கு ஓட்டுப் போடுவதில்லை, போடவும் முடியாது. தங்கள் தொகுதிக்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பதோடு அவர்கள் வேலை முடிகிறது. அந்த 234 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் யார் பக்கம் நிற்கிறார்களோ அவர் முதலமைச்சர். அவர்கள் நிற்கும் வரைதான் அவர் முதலமைச்சர்.

நாடாளுமன்ற ஆட்சிமுறை என்பது இவ்வளவுதான். கொறடா, நம்பிக்கை வாக்கெடுப்பு, கட்சித் தாவல் சட்டம், மானியக் கோரிக்கை என்று செய்தியில் அடிபடுகிற சொற்கள் எல்லாம் இந்தத் தலை எண்ணிக்கையிலிருந்து கிளைத்தவை. பள்ளிக்கூடத்தில் குடிமையியலை மதிப்பெண்ணுக்காக ஒப்பித்துவிட்டு மறந்திருப்பீர்கள். இங்கே ஓர் ஓட்டு போகும் பாதையிலேயே வரிசையாகப் போவோம்.

பட்டியலில் பெயர்

வாக்காளர் அடையாள அட்டை இருந்தால் ஓட்டுப் போட்டுவிடலாம் என்று நினைப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. நீங்கள் யார் என்பதற்குத்தான் அட்டை அத்தாட்சி. ஓட்டு தருவது வாக்காளர் பட்டியலில் இருக்கும் பெயர். அட்டை தொலைந்தாலும் ஆதார், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், பான் கார்டு, நூறு நாள் வேலை அட்டை என்று தேர்தல் ஆணையம் ஏற்கும் வேறொன்றைக் காட்டி ஓட்டுப் போடலாம். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் எந்த அட்டையைக் காட்டியும் பயனில்லை. 2025 இறுதியில் தமிழ்நாட்டில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது பல லட்சம் பெயர்கள் வரைவுப் பட்டியலில் இடம்பெறவில்லை. ஆகவே போன தேர்தலில் ஓட்டுப் போட்டவரும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் அட்டை எண்ணைக் கொடுத்தால் பாகம் எண்ணும் வரிசை எண்ணும் வரும். தொலைபேசியில் கேட்க 1950.

ஓட்டுப் போடும் வயது முன்பு 21. 1988-ன் 61-வது அரசமைப்புத் திருத்தம் அதை 18 ஆக்கியது. ஜனவரி 1-க்குள் 18 நிறைந்திருக்க வேண்டும் என்ற பழைய கணக்கு 2022-ல் மாறி, இப்போது ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நான்கு தகுதி நாட்கள் உள்ளன. 17 வயது முடிந்தவுடனே முன்கூட்டி விண்ணப்பித்து வைக்கலாம்.

படிவம் 6 புதிதாகப் பெயர் சேர்க்க. படிவம் 7 நீக்கக் கோரவும் ஆட்சேபிக்கவும். படிவம் 8 திருத்தம், முகவரி மாற்றம், அட்டையின் நகல் ஆகியவற்றுக்கு. வீடு மாறியவர்கள் பலர் படிவம் 8 போடாமல் மறுபடியும் 6-ஐ நிரப்புகிறார்கள். அப்போது ஒரே ஆளுக்கு இரண்டு இடத்தில் பெயர் வந்துவிடும். ‘வேறெங்கும் என் பெயர் இல்லை’ என்று கையெழுத்திட்டுத்தான் படிவம் 6 கொடுக்கிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது. பொய் உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் சொந்த ஊர், படிக்கும் ஊர் இரண்டில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்.

விண்ணப்பித்தபின் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். பெரும்பாலும் அருகிலுள்ள பள்ளி ஆசிரியராகவோ அங்கன்வாடி ஊழியராகவோ இருப்பார். அவர் வரும்போது வீடு பூட்டிக் கிடந்தால் விண்ணப்பம் சிக்கலாகிவிடும். அவரது தொலைபேசி எண்ணை ஆணையத்தின் தளத்திலிருந்து எடுத்து நீங்களே பேசிவிடுவது சுலபம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதிலும் திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம். வேட்புமனு தாக்கலின் கடைசி நாளோடு பட்டியல் மூடப்படும். தேர்தல் தேதி அறிவித்தபிறகு ஓடுகிறவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

சாவடிக்குள்

உள்ளே மூன்று அலுவலர்கள் வரிசையாக இருப்பார்கள். முதலாமவர் பட்டியலில் பெயரைப் பார்த்து உரக்கப் படிப்பார், கட்சி முகவர்கள் காதில் விழுவதற்காக. இரண்டாமவர் இடது ஆள்காட்டி விரலில் மை வைத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிச் சீட்டுத் தருவார். மூன்றாமவர் சீட்டை வாங்கிக்கொண்டு தன் கருவியில் பொத்தானை அழுத்தினால்தான் மறைப்புக்குள் இருக்கும் இயந்திரம் உயிர்பெறும். பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு, சின்னத்துக்கு நேரே உள்ள நீலப் பொத்தானை அழுத்துங்கள். சிவப்பு விளக்கு எரியும், நீண்ட ஒலி கேட்கும், பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் ஒரு தாள்சீட்டு 7 விநாடி தெரிந்துவிட்டுக் கீழே விழும். பொத்தானைத் தொட்டுவிட்டு ஒலிக்குக் காத்திராமல் வெளியே வந்துவிடாதீர்கள். சரியாக அழுத்தாமல் போனால் அந்த ஓட்டு பதிவாகியிருக்காது.

உங்கள் பெயரில் வேறு யாரோ முன்பே ஓட்டுப் போட்டுவிட்டால் சண்டை போட்டுத் திரும்ப வேண்டாம். தேர்தல் நடத்தை விதிகளின் 49-பி (49P) பிரிவைச் சொல்லி ஆய்வுக்குரிய ஓட்டு (tendered vote) கேளுங்கள். தலைமை அலுவலர் அடையாளத்தைச் சரிபார்த்து அச்சிட்ட வாக்குச்சீட்டைத் தருவார். அது தனி உறையில் வைக்கப்படும். எண்ணிக்கை நாளில் அந்த உறையைப் பிரிக்க மாட்டார்கள். முடிவை எதிர்த்து வழக்கு வந்து நீதிமன்றம் சொன்னால்தான் பிரிப்பார்கள். சில ஓட்டு வித்தியாசத்தில் முடிவான தொகுதியாக இருந்தால் அந்த ஒரு சீட்டுக்கும் மதிப்பு வந்துவிடும்.

நோட்டா 2013-ல் வந்தது. அது அதிருப்தியைப் பதிவு செய்யுமே தவிர, முடிவை மாற்றாது. நோட்டாவுக்கே அதிக ஓட்டு விழுந்தாலும் வேட்பாளர்களில் முதலிடம் பிடித்தவர்தான் எம்.எல்.ஏ.

ஓட்டு இடங்களாக மாறுவது

நம் முறையில் பாதிக்கு மேல் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. மற்ற ஒவ்வொருவரையும்விட ஓர் ஓட்டு அதிகம் போதும். 1,80,000 ஓட்டு விழுந்த தொகுதியில் நான்குமுனைப் போட்டி என்றால் 60,000 வாங்கியவர் ஜெயித்துவிடலாம். மீதி 1,20,000 பேர் அவருக்கு ஓட்டுப் போடவில்லை என்பது கணக்கில் வராது. தமிழ்நாட்டில் கூட்டணிப் பேரம் ஏன் இத்தனை முக்கியம் என்பதற்கு இதுவே பதில். ஐந்து சதவீத ஓட்டு வைத்திருக்கும் கட்சி தனியே நின்றால் ஓர் இடம்கூடக் கிடைக்காமல் போகலாம். சேர்ந்து நின்றால் பல தொகுதிகளில் தட்டைச் சாய்த்துவிடும்.

சட்டமன்றத் தேர்தலில் நிற்க வைப்புத்தொகை 10,000 ரூபாய், மக்களவைக்கு 25,000. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பாதி. செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காதவர் அதை இழப்பார். மேலே சொன்ன தொகுதியில் அந்தக் கோடு 30,000. ‘டெபாசிட் போச்சு’ என்று டீக்கடையில் பேசுவது இதைத்தான். வேட்பாளர் மனுவோடு கொடுக்கும் பிரமாணப் பத்திரத்தில் சொத்து, கடன், படிப்பு, நிலுவையிலுள்ள குற்ற வழக்கு எல்லாம் இருக்கும். ஆணையத்தின் தளத்தில் யாரும் படிக்கலாம். துண்டறிக்கையைவிட அதற்கு அரைமணி நேரம் செலவழிப்பது மேல்.

மக்களவைத் தேர்தலும் இதே முறைதான், வட்டம்தான் பெரிது. மொத்தம் 543 இடம், தமிழ்நாட்டுக்கு 39. ஒவ்வொரு மக்களவைத் தொகுதிக்குள்ளும் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். ஆறு முப்பத்தொன்பது 234 என்று பெருக்கிப் பார்த்தால் கணக்கு சரியாக வரும்.

மாநிலங்களவைக்கு நீங்கள் ஓட்டுப் போடுவதில்லை. நீங்கள் அனுப்பிய எம்.எல்.ஏ. போடுகிறார். தமிழ்நாட்டுக்கு 18 இடம், பதவிக்காலம் ஆறு ஆண்டு, இரண்டு ஆண்டுக்கொருமுறை ஆறு பேருக்குத் தேர்தல். ஆறு இடத்தோடு ஒன்றைக் கூட்டி, 234-ஐ ஏழால் வகுத்து, வந்த முழு எண்ணோடு ஒன்றைச் சேர்த்தால் 34. ஒரு மாநிலங்களவை எம்.பி.யை அனுப்ப ஒரு கட்சிக்கு 34 எம்.எல்.ஏ. வேண்டும் என்று பத்திரிகைகள் எழுதுவது இந்த வகுத்தலிலிருந்துதான். குடியரசுத் தலைவர் தேர்தலிலும் எம்.எல்.ஏ.க்களுக்கு ஓட்டு உண்டு. 1971 மக்கள்தொகைப்படி தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டுக்கு மதிப்பு 176. ஆக, உள்ளூரில் போட்ட ஓர் ஓட்டு ராஷ்டிரபதி பவன் வரை நீள்கிறது.

அரசு அமைப்பது, அரசு விழுவது

234-ல் பாதி 117. பெரும்பான்மைக்கு 118 வேண்டும். மக்களவையில் 272. யார் பின்னால் அந்த எண்ணிக்கை இருக்கிறதோ அவரை ஆளுநர் அழைத்துப் பதவிப் பிரமாணம் செய்துவைப்பார். ஒரே கட்சிக்கு 118 கிடைத்துவிட்டால் இதில் பேச ஒன்றுமில்லை.

கிடைக்காதபோதுதான் அரசமைப்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரியும். 1952-ல் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் 375 இடம். காங்கிரசுக்குக் கிடைத்தது 152. தேர்தலில் நிற்காத ராஜாஜியை ஆளுநர் ஸ்ரீபிரகாசா சட்ட மேலவைக்கு நியமித்து, அவரையே அரசு அமைக்க அழைத்தார். அது முறையா என்ற வாதம் இன்றுவரை ஓயவில்லை. 2006-ல் திமுகவுக்கு 96 இடம்தான். காங்கிரசின் 34 பேரும் பாமகவின் 18 பேரும் மந்திரிசபையில் சேராமல் வெளியிலிருந்து ஆதரவு தந்தார்கள். சிறுபான்மை அரசு என்று எதிர்க்கட்சி சொல்லிக்கொண்டே இருந்தது, ஐந்து ஆண்டும் ஓடியது. கூட்டணி ஆட்சியும் வெளி ஆதரவும் ஒன்றல்ல என்பதை இங்கே கவனிக்கலாம். மந்திரிசபையில் இருப்பவர் அரசின் எல்லா முடிவுக்கும் கூட்டாகப் பொறுப்பாளி. வெளியே நின்று கைதூக்குகிறவருக்கு அந்தப் பொறுப்பு இல்லை.

அமைச்சர் ஆக எம்.எல்.ஏ.வாக இருந்தே தீர வேண்டுமா? பதவியேற்று ஆறு மாதத்துக்குள் ஆனால் போதும். ஆனால் தேர்தலில் நிற்கவே தகுதியில்லாதவருக்கு இந்தச் சலுகை கிடையாது. 2001-ல் ஜெயலலிதாவின் நியமனத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது இந்தக் காரணத்தால்தான். எத்தனை அமைச்சர் என்பதற்கும் 2003 முதல் வரம்பு உண்டு: அவை உறுப்பினர் எண்ணிக்கையில் 15 சதவீதம். தமிழ்நாட்டுக்கு முதலமைச்சரையும் சேர்த்து 35 பேர்.

பெரும்பான்மை இருக்கிறதா என்ற சந்தேகம் வந்தால் அதைத் தீர்க்கும் இடம் அவைதான். ஆளுநர் மாளிகை முற்றமோ சொகுசு விடுதியோ ஆகாது. உச்ச நீதிமன்றத்தின் 1994 எஸ்.ஆர். பொம்மை தீர்ப்பு இதைக் கல்லில் எழுதியது. அதற்கு முன் 1976-லும் 1980-லும் 1991-லும் தமிழ்நாட்டு அரசுகள் 356-வது பிரிவில் (குடியரசுத் தலைவர் ஆட்சி) கலைக்கப்பட்டபோது இந்தப் பாதுகாப்பு இல்லை. 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசு 122-க்கு 11 என்ற கணக்கில் நம்பிக்கை வாக்கெடுப்பில் வென்றது கோட்டைக்குள் தலையை எண்ணித்தான்.

டெல்லியில் 1999 ஏப்ரல் 17 அன்று நடந்தது இந்த முறைக்கு நல்ல பாடம். அதிமுக ஆதரவை விலக்கிக்கொண்டதும் வாஜ்பாய் நம்பிக்கை கோரினார். ஆதரவு 269, எதிர்ப்பு 270. ஓர் ஓட்டில் அரசு கவிழ்ந்தது. நம்பிக்கைத் தீர்மானத்தை அரசு கொண்டுவரும், நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை எதிர்க்கட்சி கொண்டுவரும். பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். மக்களவையில் பின்னதை எடுத்துக்கொள்ளவே 50 பேர் எழுந்து நிற்க வேண்டும். 1963-ல் எதிர்க்கட்சி உறுப்பினர் கிருபளானி நேரு அரசுக்கு எதிராகக் கொண்டுவந்ததுதான் முதலாவது. 62-க்கு 347 என்று தோற்றது. ஜெயிக்காது என்று தெரிந்தே கொண்டுவருவதும் உண்டு. பிரதமரை எழுந்து பதில் சொல்ல வைக்க அதைவிடப் பெரிய ஆயுதம் கிடையாது.

கொறடா சொன்னால்

அரசின் உயிர் எண்ணிக்கையில் இருப்பதால் எண்ணிக்கையைக் காக்க ஒரு காவல்காரர் வேண்டும், அவர்தான் கொறடா. முக்கியமான வாக்கெடுப்புக்கு அவர் உத்தரவு போட்டால் கட்சிக்காரர் மீற முடியாது. 1985-ல் சேர்ந்த அரசமைப்பின் பத்தாவது அட்டவணைப்படி, உத்தரவை மீறி எதிராக ஓட்டுப் போட்டாலோ ஓட்டுப் போடாமல் இருந்தாலோ பதவி போகும். 15 நாளுக்குள் கட்சி மன்னித்துவிட்டால் தப்பலாம். ‘கட்சி உறுப்பினர் தகுதியைத் தானாக விட்டுக்கொடுத்தார்’ என்றாலும் பதவி போகும். ராஜினாமா கடிதம் எழுதினால்தான் அப்படி ஆகும் என்பதில்லை, நடத்தையே போதும்.

2017-ல் முதலமைச்சர் மீது நம்பிக்கையில்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த அதிமுக எம்.எல்.ஏ.க்களில் 18 பேர் சபாநாயகரால் நீக்கப்பட்டதும், மூன்றாவது நீதிபதி வரை போய் 2018 அக்டோபரில் அது செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதும் இந்த அடிப்படையில்தான். ஆனால் 2017 பிப்ரவரியில் அவைக்குள்ளேயே அரசை எதிர்த்து ஓட்டுப் போட்ட 11 பேருக்கு எதுவும் ஆகவில்லை. தீர்ப்பு சொல்லும் அதிகாரம் சபாநாயகரிடம் இருக்கிறது, சபாநாயகரோ பெரும்பாலும் ஆளுங்கட்சிக்காரர். இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை அதுவே. குடியரசுத் தலைவர் தேர்தலிலும் மாநிலங்களவைத் தேர்தலிலும் கொறடா உத்தரவுப்படி ஓட்டுப் போட வேண்டிய கட்டாயம் கிடையாது.

அவைக்குள் ஒரு நாள்

தமிழ்நாட்டுச் சட்டமன்றம் ஒரு திருக்குறளோடு தொடங்கும். அடுத்து கேள்வி நேரம். தொலைக்காட்சி அமளியைத்தான் காட்டும். உண்மையான சரக்கு இந்த ஒரு மணி நேரத்தில் இருக்கிறது. மக்களவையில் கேள்வி நேரம் 11 முதல் 12 வரை. நட்சத்திரக் குறியிட்ட கேள்வி ஒரு நாளைக்கு 20. அவற்றுக்கு அமைச்சர் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வி கேட்கலாம். குறியிடாதவை 230 வரை. எழுத்தில் பதில் வரும். உங்கள் ஊர் ரயில்பாதை எந்தக் கட்டத்தில் இருக்கிறது, இதுவரை எவ்வளவு செலவாயிற்று என்பதற்கு அமைச்சர் கையெழுத்திட்ட பதிலாகவே பழைய கேள்விகளில் கிடைக்கக்கூடும். நாடாளுமன்றத் தளத்தில் ஊர்ப் பெயரைத் தட்டித் தேடலாம்.

கேள்வி நேரத்துக்குப் பின் நேரமில்லா நேரம் (அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் நேரம்), கவன ஈர்ப்பு, மசோதா, விவாதம் என்று போகும். நம் சட்டமன்றத்துக்கென ஒரு சொல் உண்டு: 110 விதி. பொதுமுக்கியத்துவம் வாய்ந்த விஷயத்தில் முதலமைச்சரோ அமைச்சரோ இதன்கீழ் அறிக்கை படித்தால் அதன்மேல் விவாதம் கிடையாது. மேசையைத் தட்டுவார்கள், மறுநாள் தலைப்புச் செய்தி வரும். அறிவிப்பு வேறு, நிதி ஒதுக்கி வெளியான அரசாணை வேறு. ‘அறிவிச்சாச்சே, இன்னும் ஏன் வரல’ என்று கேட்பதற்கு முன் அரசாணை எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லாவிட்டால் அந்தத் திட்டம் இன்னும் கோப்பில் பிறக்கவில்லை.

மாநில நிதிநிலை அறிக்கைக்குப் பின் துறைவாரியாக மானியக் கோரிக்கை விவாதம் நடக்கும். இன்ன துறைக்கு இவ்வளவு செலவழிக்க அனுமதி தாருங்கள் என்று அமைச்சர் அவையிடம் கேட்பதுதான் மானியக் கோரிக்கை. இங்கே ‘மானியம்’ உரத்துக்குத் தரும் சலுகை அல்ல. அவை மறுத்தால் அரசு நீடிக்க முடியாது. ஒவ்வொரு துறையும் அன்று கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகத்தைத் தமிழிலும் வைக்கும். போன ஆண்டு என்ன செய்தோம், இந்த ஆண்டு என்ன செய்வோம், எவ்வளவு பணம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அரசின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உங்களுக்கு வேண்டிய ஒரு துறையின் குறிப்பை மட்டும் இரண்டு ஆண்டுக்கு அடுத்தடுத்து வைத்துப் படித்தால் சொன்னதும் செய்ததும் தெரிந்துவிடும்.

வாக்கெடுப்பு பெரும்பாலும் குரலில்தான். ‘ஆம்’ என்போர் ஒருமுறை, ‘இல்லை’ என்போர் ஒருமுறை குரல் கொடுக்க, எது அதிகம் என்று சபாநாயகர் அறிவிப்பார். டிவிஷன் கேட்டால் தலையை எண்ண வேண்டும். சபாநாயகர் சாதாரணமாக ஓட்டுப் போட மாட்டார், சமநிலை வந்தால் மட்டுமே போடுவார். மக்களவை நடக்கக் குறைந்தது 55 பேர், அதாவது பத்தில் ஒரு பங்கு, உள்ளே இருக்க வேண்டும்.

மசோதா சட்டமாவது

ஒரு மசோதா மூன்று வாசிப்புகளைக் கடக்கும்: அறிமுகம், பிரிவு பிரிவாக ஆராய்வது, நிறைவேற்றுவது. இரண்டாவதில்தான் திருத்தம் போட முடியும்; தெரிவுக் குழுவுக்கு அனுப்புவதும் அப்போதுதான். தமிழ்நாட்டில் மேலவை 1986-ல் ஒழிக்கப்பட்டதால் ஓர் அவையோடு முடிகிறது. டெல்லியில் இரண்டு அவையும் ஏற்க வேண்டும். முரண்பட்டால் கூட்டுக்கூட்டம், இதுவரை 1961, 1978, 2002 என்று மூன்றே மசோதாக்களுக்கு அது நடந்திருக்கிறது. வரி, அரசுச் செலவு பற்றிய பண மசோதாவை மாநிலங்களவை 14 நாள் மட்டுமே வைத்துக்கொள்ளலாம், தடுக்க முடியாது. எது பண மசோதா என்பதை மக்களவைச் சபாநாயகர் முடிவு செய்வதால், மாநிலங்களவையில் பலம் குறைந்த அரசுக்கு அந்த முத்திரையின்மேல் ஆசை வருவது இயல்பு.

அமைச்சர் அல்லாத உறுப்பினரும் தனிநபர் மசோதா கொண்டுவரலாம். 2015 ஏப்ரல் 24 அன்று திருநங்கையர், திருநம்பியர் உரிமைக்காகத் திமுக எம்.பி. திருச்சி சிவா கொண்டுவந்த மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது. தனிநபர் மசோதா ஒன்று ஓர் அவையில் தேறுவது பல பத்தாண்டுக்குப் பின் அதுதான் முதல்முறை. அது அப்படியே சட்டமாகவில்லை. அரசு பிறகு தன் சொந்த மசோதாவைக் கொண்டுவந்தது.

எந்த அவை எதில் சட்டம் செய்யலாம் என்பதை ஏழாவது அட்டவணையின் மூன்று பட்டியல்கள் பிரிக்கின்றன. பாதுகாப்பு, ரயில், நாணயம் ஒன்றியத்துக்கு. காவல், பொதுச் சுகாதாரம், நிலம் மாநிலத்துக்கு. கல்வி 1976 வரை மாநிலப் பட்டியலில் இருந்து, 42-வது திருத்தத்தால் பொதுப்பட்டியலுக்குப் போனது. பொதுப்பட்டியலில் இரு அரசும் சட்டம் செய்யலாம், மோதினால் ஒன்றியச் சட்டமே நிற்கும். குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றுவிட்டால் மட்டும் அந்த மாநிலத்துக்குள் மாநிலச் சட்டம் நிற்கும்.

ஜல்லிக்கட்டை வைத்துப் பார்த்தால் இது பளிச்சென்று விளங்கும். பிராணிவதைத் தடுப்பு பொதுப்பட்டியலில் வருகிறது. 1960-ன் ஒன்றியச் சட்டத்தைக் காட்டி 2014-ல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் கூட்டம் திரண்டபோது சட்டமன்றம் கூடியிருக்கவில்லை, ஆகவே அவசரச் சட்டம். அது 21-ம் தேதி வந்தது. அவசரச் சட்டத்துக்கு ஆயுள் குறைவு. அவை கூடிய ஆறு வாரத்தில் காலாவதியாகும். அதனால் 23-ம் தேதியே பேரவை கூடி மசோதாவாக நிறைவேற்றியது. ஒன்றியச் சட்டத்தோடு மோதுவதால் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெறப்பட்டது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்ற அரசமைப்பு அமர்வு அது செல்லும் என்றது.

மாநில மசோதா கடைசியில் ஆளுநர் மேசைக்குப் போகும். 200-வது பிரிவின்படி அவர் ஒப்புதல் தரலாம், நிறுத்திவைத்துத் திருப்பி அனுப்பலாம், குடியரசுத் தலைவருக்கு அனுப்பலாம். திருப்பியதைப் பேரவை மறுபடி நிறைவேற்றினால் ஒப்புதலை மறுக்கக் கூடாது. எத்தனை நாளுக்குள் என்பது அங்கே எழுதப்படவில்லை. சண்டையெல்லாம் அந்த வெற்றிடத்தில்தான். தமிழ்நாடு தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ள வேண்டும் என்றது. குடியரசுத் தலைவர் விளக்கம் கேட்டபின் நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் கெடு விதிக்க முடியாது, ‘ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்வது’ அரசமைப்பில் இல்லை என்று கருத்துச் சொன்னது. காரணமில்லாமல் காலவரையின்றிக் கிடப்பில் போடவும் கூடாது என்றும் சேர்த்தே சொன்னது.

எந்தக் கதவைத் தட்டுவது

தெருவிளக்குக்கு எம்.பி.யிடம் மனு கொடுப்பதும், பாஸ்போர்ட்டுக்கு வார்டு கவுன்சிலரைத் தேடுவதும் வீண் அலைச்சல். குப்பை, சாக்கடை, தெருவிளக்கு, குடிநீர்க் குழாய் ஊராட்சி அல்லது நகராட்சி. பட்டா, ரேஷன், காவல் நிலையம், அரசு மருத்துவமனை, மின்சாரம் மாநில அரசு. ரயில், பாஸ்போர்ட், தபால், வருமான வரி ஒன்றிய அரசு. சாலைதான் குழப்பும், அதற்கு மைல்கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை.

எம்.பி.க்குத் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய், தமிழ்நாட்டில் எம்.எல்.ஏ.வுக்கு 3 கோடி. பணம் அவர்கள் கைக்கு வராது. வேலையைப் பரிந்துரைப்பார்கள், மாவட்ட நிர்வாகம் செய்யும். வகுப்பறை, நிழற்குடை, மேல்நிலைத் தொட்டி போன்ற நிலையான கட்டுமானத்துக்கு இதில் கேட்கலாம். எம்.எல்.ஏ.விடம் மனு கொடுக்கும்போது ஒரே தாளில் ஒரே கோரிக்கை எழுதுங்கள். இடம், சர்வே எண், எத்தனை குடும்பம், முன்பு யாரிடம் எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்பவை இருக்கட்டும். ஐந்து கோரிக்கையை ஒரே மனுவில் அடைத்தால் அது ஐந்து துறைக்கு நடுவே சுற்றித் திரியும். இதைப் பேரவையில் கேள்வியாகக் கேளுங்கள் என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. அவைக்கு வந்த கேள்விக்குத் துறை பதில் தயாரித்தே ஆக வேண்டும்.

திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம் நடக்கும். மனுவுக்கு எண் வாங்காமல் திரும்பாதீர்கள். முதலமைச்சரின் உதவி எண் 1100. கோப்பு எங்கே நிற்கிறது என்று அறியத் தகவல் உரிமைச் சட்டம் உதவும்: பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய விண்ணப்பம், 30 நாளில் பதில். ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்டால் ‘அது தகவல் அல்ல’ என்று திருப்பிவிடுவார்கள். ‘இன்ன தேதியிட்ட என் மனுமீது எழுதப்பட்ட கோப்புக் குறிப்பின் நகல் வேண்டும்’ என்று கேளுங்கள்.

ஊராட்சியில் இருப்பவர்களுக்கு இன்னொரு கதவும் உண்டு. கிராம சபையில் பிரதிநிதி என்று யாரும் கிடையாது, வாக்காளரே உறுப்பினர். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டில் ஆறு நாள் கூடும். வரவு செலவு அறிக்கையை அங்கே வைக்க வேண்டும். உங்கள் கோரிக்கையை வாயால் மட்டும் சொல்லிவிட்டு வராமல் எழுதிக் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறும் வரை நில்லுங்கள். வெற்றுத் தாளில் முதலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தீர்மானத்தைப் பிறகு எழுதும் பழக்கம் சில ஊர்களில் உண்டு. படித்துக் காட்டிய பின்னரே கையெழுத்துப் போடுங்கள், போட்ட பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.